எழுதிய பூவை எந்தக் கோலால் அளப்பது?

வரையத் தெரியாத படிப்பாளிகள் சீனத்து ஏட்டைப் பார்த்துப் பொழுதுபோக்காகப் போட்ட பூ. ஜப்பானின் புலவர் மரபு ஓவியங்களைப் பற்றி நூறாண்டுக்கும் மேலாக நிலவி வரும் தீர்ப்பைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஹொகுசாயின் அலையைத் தெரிந்தவர்கள் ஏராளம். ஹிரோஷிகேயின் மழையைத் தெரிந்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு நீளத் தாள், அதில் நாலைந்து இலை, இரண்டு பூ, ஓரத்தில் சில வரிக் கவிதை, ஒரு சிவப்பு முத்திரை என்று ஒரு தொங்கோவியம் எதிரே வந்தால் அவர்களும் நிற்காமல் கடந்து போகிறார்கள். இது தவறு என்பது என் கட்சி. ரசனை வேறுபாடு என்று விட்டுவிடுகிற தவறும் இல்லை. தராசே தவறு.

ஜப்பானியர் இந்த மரபை நாங்கா, அதாவது தெற்கத்தி ஓவியம் என்றும், புஞ்சின்கா, அதாவது புலவர் ஓவியம் என்றும் அழைக்கிறார்கள். தெற்கு என்பது ஊர்த் திசை இல்லை. சீனத்தின் மிங் காலத்து அதிகாரியும் ஓவியருமான டோங் சிச்சாங், அரண்மனைக்கு வேலை செய்யும் கைத்தொழில் ஓவியர்களை வடக்குப் பள்ளி என்றும், தன்னைப் போன்ற கற்றோரைத் தெற்குப் பள்ளி என்றும் பிரித்தார். அந்தப் பெயர் கடல் தாண்டி வந்து, 18-ஆம் நூற்றாண்டில் கியோட்டோவிலும் ஒசாகாவிலும் வேரூன்றியது. மலை, ஓடை, பிளம் பூ, ஆர்க்கிட், மூங்கில், செவ்வந்தி. இவற்றைத் தாளிலோ பட்டிலோ மையால் எழுதி, பின்புறம் கோதுமை மாவுப் பசையால் தாளடுக்கு ஒட்டி, ஓரத்தில் பட்டுத்துணி வைத்து, கீழே உருளைக்கட்டை கோத்துத் தொங்கவிடுவார்கள். அதுதான் ககெஜிகு.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். அந்த வாதத்தின் முகமாக நின்றவர் எர்னெஸ்ட் ஃபெனலோசா என்ற அமெரிக்கர். 1878-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்துக்குத் தத்துவம் கற்பிக்க வந்தவர். 1882 மே மாதம் அவர் ஆற்றிய உரை ஜப்பானியக் கலை வரலாற்றையே திருப்பிவிட்டது. எண்ணெய் வண்ண மோகத்தில் ஜப்பானியர் தங்கள் ஓவியத்தை மறந்துகொண்டிருந்த நேரத்தில், உங்களுடையதுதான் உயர்ந்தது என்று அவர்களிடம் எடுத்துச் சொன்னவர் அவர். அதற்கு நன்றி உண்டு. ஆனால் அதே உரையில் புலவர் ஓவியத்தை வாசலுக்கு வெளியே நிறுத்தினார். ஓவியத்தின் உயிர் கோட்டிலும் நிழலிலும் நிறத்திலும் இருக்க வேண்டும், இவர்களோ இலக்கியத்தைக் கொண்டுவந்து ஓவியத்தில் கொட்டுகிறார்கள் என்பது அவர் குறை. அடுத்த தலைமுறை அதன்மேல் மற்றவற்றை அடுக்கியது: சீனத்தின் நகல், பயிற்சி இல்லாத கை, திரும்பத் திரும்ப அதே பூ, ஜப்பானியத் தன்மை இல்லை.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1868-இல் ஆட்சி மாறிய பிறகு, புதிய அரசின் அதிகாரிகளிடையே இந்த ஓவியத்துக்குப் பெரிய கிராக்கி எழுந்தது. கிராக்கி வந்தால் மட்டமான சரக்கும் வரும். ஒரே மாதிரி உருண்டை உருண்டையாகக் குவித்த மலைகளை வள்ளிக்கிழங்கு மலைகள் என்று ஜப்பானியரே ஏளனம் செய்தார்கள். அதற்கும் முன்பே, பணம் கட்டி நுழையும் விருந்துக் கூட்டங்களில் கேட்டவருக்கெல்லாம் நிமிடத்துக்கு ஒரு மூங்கில் எழுதித் தந்த கைகள் உண்டு. அந்தச் சரக்குக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஒரு மரபை அதன் கழிவை வைத்து எடை போடலாம் என்றால் எந்த மரபும் தேறாது.

1. நகல் என்கிறீர்களே, நகல் எடுப்பது எப்போதிலிருந்து குற்றம் ஆனது?

ஃபெனலோசா தலையில் வைத்துக் கொண்டாடியது கனோ பள்ளியை. அந்தப் பள்ளியின் கடைசிப் பெரும் ஓவியர்களில் ஒருவரான கனோ ஹோகாயை வறுமையிலிருந்து மீட்டவரும் அவர்தான். கனோ பள்ளியின் பயிற்சி என்ன? குருவின் மாதிரிப் படங்களை வருடக்கணக்கில் பிரதி எடுப்பது. அந்தப் பள்ளியின் வேர் எங்கே? சீனத்து மை ஓவியத்தில். ஜப்பானின் மை ஓவியப் பேராசான் செஷ்ஷு 1467-இல் கப்பல் ஏறிச் சீனம் போய் இரண்டாண்டு தங்கி வந்தவர். அவரைச் சீன நகல் என்று யாரும் தள்ளவில்லை. சீனத்திலிருந்து வந்தது, பார்த்து எழுதியது என்பவை குற்றம் என்றால் எல்லோர்மீதும் குற்றம். ஒருவர்மீது மட்டும் சுமத்தினால் அதற்குப் பெயர் வாதம் இல்லை, பாரபட்சம்.

இன்னொரு கணக்கும் பார்க்கலாம். 1887-இல் பாரிசில் வான் கோ, ஹிரோஷிகேயின் பிளம் தோட்ட அச்சுப்படத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் அப்படியே எழுதினார். ஓரத்தில் தனக்குப் பொருள் தெரியாத எழுத்துகளையும் சேர்த்துக்கொண்டார். உலகம் அதைக் காணிக்கை என்கிறது, கற்றல் என்கிறது. அதே 1887-இல்தான் டோக்கியோவில் அரசு நுண்கலைப் பள்ளி நிறுவப்பட்டது. அதன் பாடத்தில் புலவர் ஓவியத்துக்கு இடம் தரவில்லை. அங்கே ஒருவர் அச்சைப் பார்த்து எழுதினால் மேதைமை, இங்கே எழுதினால் அடிமைத்தனமா?

இவர்கள் எதைப் பார்த்து எழுதினார்கள் என்று கேட்டால் வழக்கு இன்னும் திரும்புகிறது. அன்று, 1635 முதல், ஜப்பானியர் கடல் கடப்பது உயிர்போகும் குற்றமாக இருந்தது. சீனக் கப்பல்கள் நாகசாகித் துறைக்கு மட்டுமே வர முடிந்தது. அவற்றில் சில ஓவியர்களும் வந்தார்கள். 1731-இல் வந்து 1733-இல் திரும்பிப் போன ஷென் நான்பின் என்ற பூப்பறவை ஓவியரின் சுவடு ஜப்பானில் ஒரு நூற்றாண்டு நின்றது. ஆனால் பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்த குரு ஒரு அச்சுப் புத்தகம்: கடுகுவிதைத் தோட்டத்து ஓவிய ஏடு. அதன் நிலக்காட்சிப் பகுதி 1679-இலும், ஆர்க்கிட், மூங்கில், பிளம், செவ்வந்தி முதலிய பூக்களின் பகுதிகள் 1701-இலும் சீனத்தில் வெளிவந்தன. மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட சின்னப் பக்கங்கள். பலகை உருவத்தைத் தரும். தூரிகையின் வேகத்தைத் தராது. மை எங்கே ஊறியது, எங்கே வறண்டு நார்நாராகப் பிரிந்தது, கை எங்கே மூச்சு வாங்கியது என்ற எதுவும் அச்சில் ஏறாது. அந்தக் கையகலப் படத்திலிருந்து ஆள் உயரத் தொங்கோவியத்துக்குப் போனவர்கள், இடையில் இருந்த அத்தனையையும் தாங்களே கண்டுபிடித்தாக வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவர்கள் ஏட்டுச் சுரைக்காயின் விதையை எடுத்து ஊன்றினார்கள்.

2. கைத்தேர்ச்சி இல்லை என்று சொல்பவர் ஒரே ஒரு ஆர்க்கிட் இலையை எழுதிப் பார்க்கட்டும்.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எல்லாத் தவறும் இந்த இடத்தில்தான் முளைக்கிறது. சீன, ஜப்பானிய மரபில் எழுதப்படும் ஆர்க்கிட் நம் பூக்கடைகளில் பார்க்கும் ஊதா ஆர்க்கிட் இல்லை. புல் போல நீண்ட இலையும், மங்கலான சிறு பூவும், தூரத்திலேயே தெரியும் மணமும் உள்ள மலைச்செடி. அதன் முதல் இலை ஒரே வீச்சில் வர வேண்டும். தூரிகை தாளில் இறங்கும் இடத்துக்கு ஆணித்தலை என்று பெயர். நடுவில் அழுத்திப் பருக்கும் இடம் கும்பிடுபூச்சியின் வயிறு. நுனியில் தூக்கிவிடும் இடம் எலிவால். இரண்டாவது இலை முதல் இலையைக் குறுக்கே வெட்டும்போது நடுவில் ஒரு கண் போன்ற இடைவெளி விழும். அது பீனிக்ஸ் கண். மூன்றாவது இலை அந்தக் கண்ணைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். பிறகு நீர் கூட்டிய மங்கிய மையில் இதழ்கள். கடைசியில் பூவின் நடுவே அடர்ந்த மையில் சில புள்ளிகள். அவை விழும் விதம், இதயம் என்று பொருள்படும் சீன எழுத்தின் சாயலில் இருக்கும்.

நானே தூரிகை எடுத்துப் பார்த்தேன். கல்லில் மை உரைத்து, பசை பூசாத தாளை விரித்து, ஒரு மாதம் அந்த முதல் இலையை மட்டும் எழுதினேன். அந்தத் தாள் உறிஞ்சும் தாள். கை எங்கே ஒரு நொடி தயங்கியதோ அங்கே மை ஊறிப் பொட்டாக நின்றது. வளைவில் பயந்தால் இலை கணுப் போட்டது. சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று நினைத்தால் வாலின் நுனி மொண்ணையானது. அழிக்க முடியாது. மேலே பூசி மறைக்கவும் முடியாது, மறைத்த இடம் இரட்டைக் கறுப்பாகக் காட்டிக்கொடுக்கும். எண்ணெய் வண்ணக்காரருக்கு உள்ள இரண்டாம் வாய்ப்பு இங்கே கிடையாது. நூறு இலைக்கு ஒன்று தேறியது என்றுகூட என்னால் சொல்ல முடியாது. அதன் பிறகு இந்த மரபின் ஓவியர் இக்கெ நோ தைகாவின் ஆர்க்கிட்டைப் பார்த்தபோது, அந்த இலை அலட்சியமாகப் போட்டது போல இருப்பதே எவ்வளவு பெரிய சாதனை என்பது புரிந்தது.

இன்னொரு முறையையும் பார்க்கலாம். இதே மரபின் சுபாகி சின்சான் பூக்களைக் கோடே இல்லாமல் எழுதினார். எலும்பில்லா முறை என்று அதற்குப் பெயர். அந்த முறையில் அவருடைய முன்னோடி சீனத்தின் யுன் ஷோவ்பிங். படிகாரமும் பசையும் பூசிய பட்டில் நிறத்தை நேரடியாக வைத்து, ஈரம் காயும் முன் அடுத்த நிறத்தைத் தொட்டுவைக்க வேண்டும். அவுரி நீலமும் மரப்பிசின் மஞ்சளும் கலந்து இலைப்பச்சை, சிப்பித் தூளில் வெள்ளை. கோடு இல்லாததால் இதழின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதைத் தண்ணீரின் அளவுதான் தீர்மானிக்கும். ஒரு சொட்டு கூடினால் இதழ் கரைந்தது. இதைப் பயிற்சியில்லாதவர் கை என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

தமிழில் நாம் ஒரு சொல்லை வைத்திருக்கிறோம்: ஓவியம் எழுதுதல். ஜப்பானிய மொழியிலும் எழுதுவதற்கும் வரைவதற்கும் ஒலி ஒன்றுதான், ககு. சீனப் புலவர்களும் ஆர்க்கிட்டை எழுதினோம் என்றே சொன்னார்கள். இது அலங்காரப் பேச்சு இல்லை, தொழில் விவரம். ஒரே தூரிகை, ஒரே மை, எழுத்துப் பயிற்சியில் பழகிய அதே மணிக்கட்டு. அகரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகியவரை நகலெடுப்பவர் என்று யாரும் சொல்வதில்லை. அந்த எழுத்தால் அவர் என்ன எழுதினார் என்றுதான் கேட்கிறோம். ஏட்டில் இருந்த ஆணித்தலையும் எலிவாலும் எழுத்துகள். தொங்கோவியம்தான் கடிதம்.

3. பொழுதுபோக்கா? யாருடைய பொழுது?

சீனத்தில் இந்த மரபின் தலைமக்கள் தேர்வு எழுதிப் பதவிக்கு வந்த அதிகாரிகள். ஜப்பானில் அந்தத் தேர்வே இல்லை. இங்கே தூரிகை எடுத்தவர்கள் நகரத்து எளிய மனிதர்கள், மருத்துவர்கள், வணிகர்கள், பதவி துறந்த சாமுராய்கள். தைகா பதின்வயதிலேயே விசிறியில் படம் எழுதி விற்றவர். யோசா புசொன் ஓவியம் விற்றுத்தான் குடும்பம் நடத்தினார். உரகாமி கியோகுதோ 1794-இல், ஐம்பது வயதில், சாமுராய் வேலையை உதறிவிட்டு இரண்டு மகன்களோடும் ஒரு யாழோடும் ஊர் ஊராக அலைந்தார். யமமோட்டோ பைஇட்சுவின் பூக்களிலும் பறவைகளிலும் உள்ள நுணுக்கத்தை ஓய்வு நேர வேலை என்று சொன்னால் அந்த ஓய்வு நேரம் ஒரு ஆயுள். பொழுதுபோக்கு என்ற சொல் சீனப் பிரபுக்களின் ஒரு கொள்கையை ஜப்பானியரின் வயிற்றுப்பாட்டின் மேல் ஒட்டிவிட்டுப் போகிறது.

4. ஒரே பூ, செத்த குறியீடு என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் ஒசாகாவிலேயே இருக்கிறது.

ஒசாகா நகராட்சி நுண்கலை அருங்காட்சியகத்தில் 1306-ஆம் ஆண்டு தேதியிட்ட ஒரு சீன மை ஓவியம் இருக்கிறது. ஜெங் சிசியாவ் எழுதிய ஆர்க்கிட். சில இலை, ஒரு பூ, கீழே மண் இல்லை. சோங் அரசு மங்கோலியரிடம் வீழ்ந்த பிறகு அவர் ஆர்க்கிட்டுக்கு மண் எழுதுவதை நிறுத்திவிட்டார் என்பது மரபு. நிலத்தைத்தான் பறித்துக்கொண்டார்களே, வேர் எதில் ஊன்றும்? மண்ணை விட்டுவிட்டதாலேயே ஒரு செடி நாடிழந்தவனின் வாக்குமூலமாகிவிட்டது. எல்லோரும் எழுதும் பூ என்பதால்தான் அது முடிந்தது. பார்ப்பவருக்கு வழக்கமான ஆர்க்கிட் எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால்தானே விட்டுப்போனது கண்ணில் படும்?

திரும்ப எழுதுவது பழகிய பொருளில் சிறு மாற்றத்தைப் பேசவைக்கும் வழி. பனியில் இலை விடும் முன்னே பூக்கும் பிளம், மற்ற பூக்கள் ஓய்ந்த பின் வரும் செவ்வந்தி, வளைந்தாலும் ஒடியாத மூங்கில். அகராதிப் பொருள் எல்லோருக்கும் தெரியும். அது தொடக்கம் மட்டும். இந்த மரபின் பெண் ஓவியர்களான கியோகுரான் எழுதிய மூங்கிலும் எமா சைகோ எழுதிய மூங்கிலும் ஒரே மூங்கில் என்று சொல்பவர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவில்லை.

5. இலக்கியம் கலந்தால் ஓவியம் கெடுமாம். இது எந்த ஊர்ச் சட்டம்?

இது ஃபெனலோசாவின் மையக் குற்றச்சாட்டு, அவர் காலத்து ஐரோப்பிய அழகியலின் சட்டம். ஓவியத்தைச் சொல்லிலிருந்து கழற்றித் தனியே நிறுத்தினால்தான் தூய்மை என்பது அதன் நம்பிக்கை. ஒரு தொங்கோவியத்தின் மேல் மூலையில் இறங்கும் கவிதை வரிகளை விரலால் மறைத்துப் பாருங்கள். பூ ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும், வெற்றிடம் ஓட்டையாகத் தெரியும். விரலை எடுத்தால் எல்லாம் நிலைக்கு வந்துவிடும். எழுத்து அங்கே விளக்கவுரை இல்லை, எடைக்கல். பொருள் புரியாதவருக்கு ஓர் இழப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கறுப்பின் அடர்த்தி கண்ணுக்குத் தெரிகிறது.

இன்னொன்று. இந்த ஓவியம் சுவரில் நிரந்தரமாக அறைந்து வைக்கும் பொருள் இல்லை. தொகொனோமா என்ற சிறு மாடத்தில், அந்தப் பருவத்தில், அன்று வரும் விருந்தினருக்காக விரிப்பார்கள். இலைத்தேநீர் ஊற்றிக்கொண்டு அதன் எதிரே உட்காருவார்கள். கண் தரையிலிருந்து மேலே போகும். சில நாள் கழித்துச் சுருட்டி மரப்பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றபடி பத்து நொடி பார்த்துவிட்டு இதில் ஒன்றுமில்லை என்பவர், மடித்த கடிதத்தின் உறையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்.

6. ஜப்பானியத் தன்மை இல்லை என்பவர்கள் புசொனை என்ன செய்வார்கள்?

பாஷோவுக்கு அடுத்த ஹைக்கூ ஆசான் என்று அவரைப் போற்றுவதில் இரண்டு கருத்து இல்லை. அதே மனிதர், அதே கியோட்டோ வீட்டில், அதே தூரிகையால் எழுதிய ஓவியம் மட்டும் எப்படிச் சீனத்துச் சரக்காகும்? 1771-இல் தைகாவும் புசொனும் சேர்ந்து உருவாக்கிய பத்து வசதிகள், பத்து இன்பங்கள் என்ற ஓவியத் தொகுப்பை நாவலாசிரியர் கவபத்தா தன் சேகரிப்பில் வைத்திருந்தார். இன்று அது தேசியச் செல்வம். டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியராக இருந்த ஒமுரா செய்காய், 1921-இல் புலவர் ஓவியத்துக்கு ஆதரவாக ஒரு நூலே எழுதினார். வெளியே தள்ளிய வீட்டுக்குள்ளிருந்தே பதில் வந்தது.

7. இந்தத் தீர்ப்பால் இழந்தது யாரை என்று யாராவது கேட்டதுண்டா?

முதலில் பெண்களை. கனோ பள்ளியின் வாசல் தந்தை மகன் வாசல். புலவர் வட்டத்தின் வாசல் படித்தவருக்குத் திறந்தது. கியோட்டோவின் கியோன் பகுதியில் தேநீர்க்கடை நடத்திய கவிஞர் யுரியின் மகள் கியோகுரான், தைகாவின் மனைவி, தன் பெயரில் எழுதித் தன் முத்திரை வைத்தார். எமா சைகோ ஒரு மருத்துவரின் மகள். சீன மொழிக் கவிதையிலும் மை மூங்கிலிலும் தனக்கென்று இடம் பிடித்தார். ஒகுஹாரா செய்கோ டோக்கியோவில் மாணவர்களை வைத்துப் பள்ளி நடத்தினார். நொகுச்சி ஷோஹின் 1904-இல் அரண்மனைக் கலைஞராக நியமிக்கப்பட்ட முதல் பெண். இந்த மரபையே பூப்போடும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டால் இத்தனை பேரும் ஒரே வீச்சில் வரலாற்றிலிருந்து போய்விடுகிறார்கள். போகத்தான் போனார்கள். திரும்ப மீட்கப் பல பத்தாண்டு ஆனது.

பிறகு கசானை. வதனபே கசான் ஏழைச் சாமுராய் வீட்டுப் பிள்ளை. வீட்டில் உலை வைக்க வேண்டும் என்பதற்காகவே ஓவியம் கற்றவர். பின்னாளில் தஹாரா என்ற சிறு நாட்டின் மூத்த அதிகாரியானார். அயல்நாட்டுக் கப்பல்களை விரட்டியடிக்கும் அரசுக் கொள்கை தவறு என்று எழுதிவைத்ததற்காக 1839-இல் அவரைச் சிறையில் அடைத்தார்கள். பிறகு தஹாராவில் வீட்டுக்காவல். குடும்பம் வாடியது. மாணவர்கள் அவருடைய ஓவியங்களை எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், விற்றுப் பணம் அனுப்பினார்கள். காவலில் இருப்பவரின் படம் விற்பனையாவது பேச்சானது. தன்னால் தன் தலைவருக்குக் கேடு வரும் என்று அஞ்சி 1841-இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

மேலே சொன்ன சின்சான் கசானின் மாணவர், அந்த இக்கட்டில் அவர் பக்கம் நின்றவர்களில் முதன்மையானவர். ஆசான் இறந்து பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1853-இல், நினைவிலிருந்து அவர் முகத்தை எழுதி முடித்தார். கசான் இறந்தபோது ஆறு வயதாக இருந்த மகன் ஷோக்காவைப் பின்னாளில் சின்சான் தன்னிடம் வைத்துக்கொண்டு பூவும் பறவையும் எழுதக் கற்றுக்கொடுத்தார். அப்பாவின் கை சின்சானின் கைக்குப் போயிருந்தது. சின்சானின் மாதிரியை எதிரே விரித்து வைத்து, அந்தப் பிள்ளை பார்த்துப் பார்த்து எழுதினான்.